இருநூற்றுப் பதினெட்டு கிலோ

அட்-பாஷியில், தொலோபெக்கின் பட்டறை வாசலில்
இரண்டு பைக்குகள் நின்றன.
ஒன்று சாம்பல் நிறம். இரட்டை சிலிண்டர்,
காற்றுத்தடுப்புக் கண்ணாடி, சூடேறும் கைப்பிடி.
மற்றது ஆரஞ்சு. ஒற்றை சிலிண்டர்,
கொக்குக் கால், இருக்கை என்ற பெயரில் ஒரு பலகை.
"ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், டாக்டரம்மா,
எது வேண்டுமோ அதற்குக் காசு கொடுங்கள்" என்றான்.
டாக்டரம்மா என்றால் ஆட்டுக்கும் மாட்டுக்கும்.

என் கணக்கில் குதிரைத்திறன் கிடையாது.
குளிர்பெட்டியில் நாற்பது மருந்துக் குப்பிகள்.
போய்ச் சேரும்போது எத்தனை முழுசாக இருக்கின்றன,
அவ்வளவுதான் பரீட்சை.

திங்களன்று சாம்பல். நரீனுக்குப் போகும் தார்ச்சாலை.
நூற்றுப் பத்தைத் தொட்டதை முள்தான் சொன்னது,
உடம்புக்குத் தெரியவில்லை.
சீன எல்லையிலிருந்து வரும் லாரிகளை
சோம்பல் முறித்தபடி தாண்டினேன்.
குறுக்குக் காற்று தோளில் இடித்துவிட்டு
மன்னிப்புக் கேட்டுப் போனது.
ஹெல்மெட்டுக்குள் பாடிக்கொண்டே வந்தேன்.
நாற்பதும் முழுசு.

செவ்வாயன்று அதே சாலையில் ஆரஞ்சு.
கை மரத்து, பல் கிட்டி,
நரீனில் இறங்கிப் பதிவேட்டில் கையெழுத்திட்டால்
அது என் பெயராகவே இல்லை.
இரண்டு குப்பிகள் தூள்.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பெர்மெத்?"
தேநீரில் ஜாம் கலக்கிக்கொண்டே
குபாத் அட்டவணை வாசித்தான்:
டேங்க் இத்தனை லிட்டர், சக்கரம் இத்தனை அங்குலம்,
பிரேக் தானே யோசிக்கும்.
அவன் பைக்கில் ஏறியதே இல்லை.

வியாழக்கிழமை, சாம்பலோடு, மேய்ச்சல் மலைக்கு.
தார் முடியும் இடத்தில் பலகை எதுவும் இல்லை.
சக்கரம்தான் முதலில் சொல்லும்.
சரளையிலும் அது ராஜா மாதிரிதான் போனது,
ஓடை வரும்வரை.
முழங்கால் ஆழம், பனி உருகிய தண்ணீர், உருண்டைக் கற்கள்.
விழுந்தது என்று சொல்லமாட்டேன்.
விருந்துக்கு வந்த மாமனார் போல
மெல்லச் சாய்ந்து படுத்துக்கொண்டது.

இருநூற்றுப் பதினெட்டு கிலோ.
கைப்பிடியைப் பற்றி இழுத்தேன், முதுகைக் கொடுத்து முட்டினேன்,
கிர்கிஸ் மொழியின் கெட்ட வார்த்தைகள் தீர்ந்ததும்
ரஷ்ய மொழிக்குப் போனேன்.
அசையவில்லை.
நாற்பது குப்பிகளும் பத்திரம், அதுதான் வேடிக்கை.

ஐம்பது நிமிடம் கழித்துக் குதிரைமேல் ஒரு பையன்,
பயஸ்தான், பன்னிரண்டு வயது இருக்கும்.
வெகுநேரம் பார்த்தான்.
"இது எப்போது எழும்?"
"தானாக எழாது."
அவன் தன் குதிரையைக் குனிந்து பார்த்தான்,
அதனிடம் ஏதோ ஒப்புக்கொள்பவன் போல.
பிறகு சேணத்தில் கயிறு கட்டினோம்.
தொண்ணூறு குதிரைத்திறனை
ஒரு குதிரை எழுப்பி நிறுத்தியது.

வெள்ளிக்கிழமை ஆரஞ்சு. அதே ஓடை, அதே கல்.
அதுவும் விழுந்தது.
நான் ஒன்றும் பெரிய சூரப்புலி இல்லை.
குனிந்தேன், மூச்சை உள்ளே இழுத்தேன், தூக்கினேன்.
நூற்றைம்பத்தைந்து.
குறுக்கே கிடந்த கன்றை வயிற்றுக்குள்ளேயே
திருப்பிப் பிடித்த கை இது,
இதற்கு வராதா?
மூன்று குப்பிகள் போயின. அன்று அது போதுமானதாயிருந்தது.
மாலையே தொலோபெக்கிடம் காசை எண்ணிக் கொடுத்தேன்.

சாம்பலை வரி அலுவலகத்து ஜனார்பெக் வாங்கினான்.
நரீன் சாலையில் என்னைத் தாண்டும்போது
ஒரு கையை உயர்த்துகிறான்.
பதிலுக்கு உயர்த்த என் கை எனக்குச் சொந்தமாக இல்லை.
பொறாமைதான். இல்லை என்று ஏன் சொல்லவேண்டும்?
தார் முடியும் இடத்தில் அவன் திரும்பிவிடுகிறான்.
அது எனக்கு ஆறுதலும் இல்லை,
மேலே இன்னும் பதினேழு கிலோமீட்டர் கிடக்கிறது.

குபாத் இப்போது அட்டவணை வாசிப்பதில்லை.
இருக்கைமேல் ஓர் ஆட்டுத்தோலைத் தைத்துக் கொடுத்தான்.
தையல் கோணல்,
இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் உயரம்.